சாமந்தி போன பக்கம்

என் தங்கை தாட்சாயிணிக்கு நீச்சல் தெரியாது. ஏரிக்கரையிலேயே வளர்ந்து, இன்று அதே கரைக்குக் காவல் இருப்பவளுக்கு நீச்சல் வராது என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். எங்கள் அம்மா தண்ணீருக்குப் பயந்தவள். எங்கள் இருவரையும் முழங்காலுக்கு மேல் நனைய விட்டதில்லை. அந்தப் பயம் எனக்கு அப்படியே வந்து சேர்ந்தது. அவளுக்குப் பயமும் வரவில்லை, நீச்சலும் வரவில்லை.

எங்கள் ஊர் திருநின்றவூர் ரயில் நிலையத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. ஏரியின் பெயர் வேப்பந்தாங்கல். சின்ன ஏரிதான். மூன்று பக்கமும் மேட்டு நிலம். தாழ்ந்த ஒரு பக்கத்தில் மட்டும் மண்ணைக் கொட்டி உயர்த்திக் கரை கட்டியிருக்கிறார்கள். எந்தக் காலத்தில் கட்டியது என்று யாருக்கும் தெரியாது. வெறும் மண்தான். கரைக்குக் கீழே முன்பு எங்கள் நெல் வயல் இருந்தது. இப்போது மனைகளும் வீடுகளும். என் வீடும் அங்கேதான். ஏரி நிரம்பிவிட்டால் தண்ணீரின் மட்டம் என் வீட்டு ஜன்னலைவிட உயரத்தில் நிற்கும். சமைக்கும்போது ஜன்னல் வழியே கரையின் புல் முளைத்த முதுகு தெரியும். அதற்கு மறுபக்கம் என்ன நிற்கிறது என்று நினைத்தால் மழை நாளில் எனக்குச் சோறு இறங்காது.

வயல்கள் போனபின் ஏரித் தண்ணீர் யாருக்கும் தேவைப்படவில்லை. குப்பையைக் கொட்டினார்கள். பிறகு ஊர்க்காரர்கள் சிலரும் பறவை பார்க்க வரும் ஒரு சங்கத்தாரும் சேர்ந்து, பொதுப்பணித் துறையில் அனுமதி வாங்கி, பாசனம் இல்லாவிட்டால் போகிறது, மீனுக்கும் பறவைக்கும் என்றே ஏரியை வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். கோடையிலும் மீன் பிழைத்துக் கிடக்க நடுவில் ஒரு மடு தோண்டினார்கள். மீன்குஞ்சுகள் ஒளிந்துகொள்ள முள் கிளைகளைக் கட்டுக் கட்டாகத் தண்ணீரில் இறக்கினார்கள். அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே மேடாகக் குவித்துக் கருவேல மரம் வைத்தார்கள். மரங்கள் வளர்ந்து நீர்க்காகமும் கொக்கும் வக்காவும் கூடு கட்ட வந்தன. சுற்றிலும் தண்ணீர் நிற்பதால் தெருநாய்கள் அங்கே போக முடியாது.

இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்றபோது தாட்சாயிணி போய் நின்றாள். நான் படித்தது எட்டாவது, அவள் பத்தாவது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் நான் செக்கராக இருந்தேன். தையலில் ஒரு நூல் தப்பியிருந்தாலும் என் விரல் நின்றுவிடும். அவளையும் அதே கம்பெனியில் சேர்த்துவிட்டேன். அவளால் நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. கரைக்குப் போனபின்தான் அவள் முகம் தெளிந்தது. மதகின் திருகுக் கம்பிக்கு எண்ணெய் போடுவாள், கரையில் முளைக்கும் செடியை வேர் பிடிக்கும் முன் பிடுங்குவாள், முட்டை வைக்கும் காலத்தில் வலையோடு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவாள். வலையோடு வருகிறவர்கள் எல்லாம் நல்ல வார்த்தை பேசுகிறவர்கள் இல்லை. அவள் நகர மாட்டாள். அவளைப் பற்றி நாலு பேர் விசாரித்தால், என் தங்கை என்று நான் முந்திக்கொண்டு சொல்வேன்.

அவள் கணவர் வினோத்துக்கு அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. எதிர்வீட்டுக் குப்பம்மா அவளைக் கண்டால் சும்மா விடமாட்டாள். "புருசன் துன்னானான்னு தெரியாது, கொக்கு துன்னுச்சான்னு மட்டும் கரீக்டா தெரியும் இவளுக்கு" என்பாள்.

"கொக்கு சொல்லிட்டுப் போவுதுக்கா, அவுரு எங்க சொல்றாரு?" என்பாள் தாட்சாயிணி.

போன வருஷக் கோடையில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கரையைச் சுத்தம் செய்ய வந்த ஆட்கள், வீடுகள் இருக்கும் வெளிப்பக்கச் சரிவில் பாதி உயரத்தில் ஒரு பொந்தைப் பார்த்தார்கள். உடும்புப் பொந்து. அடைத்துவிடலாம் என்றார்கள். தாட்சாயிணி ஒரு கழியை உள்ளே விட்டுப் பார்த்தாள். கழி முட்டியது. அவ்வளவுதான் ஆழம் என்று நினைத்து, "இருந்துட்டுப் போவட்டும், அதுக்கும் ஊடு வேணுமில்ல" என்று சொல்லிவிட்டாள். யாரும் தொடக்கூடாது என்று பக்கத்தில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணியும் கட்டினாள். பொந்து அந்த இடத்தில் வளைந்து மேலும் உள்ளே போகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

கார்த்திகைக் கடைசியில் புயல் மழை பிடித்தது. விட்ட அன்று காலையில் ஏரி கோடி போய்விட்டது என்று தெருவே எழுந்து ஓடியது. கரையின் ஒரு முனையில் கல்லால் கட்டிய தாழ்வான தடுப்பு ஒன்று உண்டு. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதைத் தாண்டி வழிந்து ஓடைக்குப் போகும். அதைத்தான் கோடி என்பது. கோடி போனால் கரையில் நின்று கற்பூரம் ஏற்றித் தண்ணீருக்குப் பூப்போடுவது எங்கள் ஊர் வழக்கம். வயல் போனாலும் அந்த வழக்கம் போகவில்லை.

குப்பம்மா தட்டு நிறையச் சாமந்தியை உதிர்த்துக்கொண்டு வந்திருந்தாள். மஞ்சள் தெளித்து, தேங்காய் உடைத்து, கரையின் நடுவில் நின்று பூவை வீசினாள். பூக்கள் கொஞ்சம் மிதந்தன. பிறகு எல்லாம் ஒன்றுசேர்ந்து எங்களை நோக்கி மெல்ல வந்தன. எங்கள் காலடிக்கு நேரே, கரையை ஒட்டிய ஓர் இடத்தில் கூடி வட்டமாகச் சுற்றின.

"அம்மா கரைக்கே வந்துட்டாடி" என்றாள் குப்பம்மா. அவள் குரல் தழுதழுத்தது. பெண்கள் எல்லாரும் ஓம் சக்தி என்றார்கள். நானும் கைகூப்பினேன். எனக்கு உடம்பு சிலிர்த்தது.

தாட்சாயிணி மட்டும் கும்பிடவில்லை. பூவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி அப்டிப் பாக்குற? கும்புடு" என்றேன்.

"தண்ணி கோடிக்குப் போவுது. பூவு ஏன்க்கா இங்க வருது?"

"காத்து."

"காத்து அந்தாண்டல்ல அடிக்குது."

அவள் சொன்னபோதுதான் என் முந்தானை ஏரிப் பக்கமாகப் பறப்பதைப் பார்த்தேன். அடுத்த நொடி அவள் கரையின் வெளிப்பக்கச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தாள். நானும் பின்னால் இறங்கினேன். சிவப்புத் துணி கட்டிய குச்சி சாய்ந்து கிடந்தது. பொந்திலிருந்து கை தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. டீ நிறத்தில் இருந்தது.

கரைக்குள் இருந்து மண்ணும் சேர்ந்து வருகிறது என்று அதற்குப் பொருள். அதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் மொட்டை மாடிக் கொடியில் துணி ஈரமாகவே தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இன்னும் எத்தனையோ கூரைகள்.

தாட்சாயிணி பொறியாளர் கிருஷ்ணப்பிரியாவுக்குப் போன் போட்டாள். இந்த ஏரி அந்தம்மாவின் பொறுப்பில் இருக்கிறது. அவர் வேறோர் ஏரிக்குப் போன வழியில் சாலை மூழ்கி நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"வெளிப்பக்கம் அடைக்காதீங்க. அடைச்சா தண்ணி உள்ளயே வேற வழி தேடி மொத்தமா பிச்சுக்கும். பொந்து வாயில மணல் போடுங்க, அதுக்கு மேல ஜல்லி. தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது. ஒரு கண்ணாடி பாட்டில்ல அந்தத் தண்ணிய அப்பப்ப புடிச்சுப் பாருங்க. பயமில்லாம இருக்கணும்னா இப்பவே மதகைத் தொறந்து ஏரிய இறக்கிடறது நல்லது."

ஏரியை இறக்கினால் கருவேல மேடுகளைச் சுற்றித் தண்ணீர் வடிந்து சேறாகும். மரங்களில் எல்லாம் குஞ்சுகள், பாதிக்கு இறக்கை முளைக்கவில்லை. கூட்டின் ஓரத்துக்கு வந்து தடுமாறிக் கீழே விழுகிற வயது. கீழே தண்ணீர் இல்லாவிட்டால் நாய் இருக்கும்.

"மேடம், கொஞ்சம் டைம் குடுங்க. உள்ளப் பக்கம் ஓட்டை எங்க கீதுன்னு தெரிஞ்சிபோச்சி. அடச்சிப் பாக்கறேன்."

"டைம் நான் குடுக்கறதில்லம்மா. அந்தப் பாட்டில்தான் குடுக்கணும். கலங்கல் கூடுதுன்னா என்னைக் கேக்காதீங்க, தொறந்துடுங்க."

அதற்குள் யூசுப் பாய் தோளில் சிமெண்ட் மூட்டையோடு வந்துவிட்டார். கரைக்குக் கீழே முதல் மனை அவருடையது. வீடு கட்ட அஸ்திவாரத்துக்குக் கடக்கால் தோண்டிப் போட்டிருந்தார். மணலும் ஜல்லியும் வாசலில் குவிந்து கிடந்தன.

"நவுரும்மா. இத்த வச்சி அடிச்சா ஒரு சொட்டு வராது."

"வேணாம் பாய். இங்க அடச்சா வேற எடத்துல பொத்துக்கும்."

"போன்ல பேசினே இருந்தா நின்னுடுமா?"

"ஒன் மணலு வேணும் பாய். ஜல்லியும்."

"ஊடு கட்டக் கொட்னதும்மா அது."

"ஊடு கட்ற எடம் இருக்கணுமில்ல?"

அவர் சிமெண்ட் மூட்டையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, "அன்னக்கூடைங்க எத்தினி கீதோ எல்லாத்தையும் எடுத்தாங்க" என்று தெருவைப் பார்த்துச் சொன்னார்.

பூப்போட வந்த பெண்கள் எல்லாரும் மணல் சுமந்தார்கள். குப்பம்மா வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

நான் ஒரு பழைய சர்பத் பாட்டிலைக் கழுவி எடுத்து வந்து, பொந்துத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கம்பெனியில் தையலைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தேன். அடியில் மண் வண்டலாக இறங்கியது. அதைக் கரையடியில் வைத்துவிட்டு இன்னொரு பாட்டில் தேடினேன்.

இதற்கிடையில் தாட்சாயிணி புடவையை மடித்துக் கட்டிக்கொண்டு ஏரிப் பக்கம் இறங்கத் தயாரானாள்.

"நீ எறங்காத" என்றேன்.

"பூவு காட்டிக்கினு கீது பாரு. அங்கதான் வாய். காலால தடவுனா தெரிஞ்சிடும்."

"ஆம்பளைங்க கீறாங்க, அவங்க எறங்கட்டும்."

"கரை உள்ளாற எங்க மேடு, எங்க பள்ளம்னு அவங்களுக்கு இன்னாக்கா தெரியும்?" சற்று நின்று, தணிந்த குரலில் சொன்னாள்: "அத்த வுட்டு வச்சது நானு."

நான் ஓடிப்போய் மாடியில் துணி காயும் நைலான் கயிற்றை அவிழ்த்து வந்தேன். அவள் இடுப்பில் கட்டினேன். முடிச்சைப் பலமுறை இழுத்துப் பார்த்தேன். மறுமுனையை என் கையில் சுற்றிக்கொண்டேன். யூசுப் பாய் எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து நின்றார்.

அவள் பின்புறமாக, சரிவைப் பிடித்தபடி இறங்கினாள். இடுப்பளவு. மார்பளவு. சாமந்தி அவள் தோளைச் சுற்றி ஒட்டியது. அவள் முகம் எங்கள் பக்கம் இருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. தண்ணீருக்குள் காலால் தடவுகிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும், கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது.

"இங்க சில்லுனு இழுக்குது" என்றாள்.

அப்படிச் சொன்னதும் தண்ணீர் அவள் வாய்வரை ஏறியது. ஒரு கால் உள்ளே போய்விட்டது. கயிறு என் கையை வெட்டியது. நான் முழு பலத்தோடு இழுத்தேன்.

"இழுக்காத" என்று அவள் தண்ணீரைத் துப்பினாள். "இழுக்காதக்கா, முகம் உள்ள போவுது. தளத்து."

தளர்த்து என்கிறாள். தங்கையின் கால் ஏரியின் தொண்டைக்குள் இருக்கிறது, நான் கயிற்றைத் தளர்த்த வேண்டும். என் விரல்கள் பேச்சைக் கேட்கவில்லை. யூசுப் பாய்தான் பின்னாலிருந்து, "கொஞ்சம் குடும்மா, கொஞ்சமா குடு" என்று என் கையைப் பிடித்து மெல்ல விடவைத்தார். அவள் சரிவில் சாய்ந்து உட்கார்ந்தாள். தண்ணீருக்கு மேலே மூக்கும் கண்ணும் மட்டும் இருந்தன. மற்றக் காலைச் சரிவில் ஊன்றி, மாட்டிய காலைத் திருகித் திருகி எடுத்தாள். அவள் மேலே எழும்பியபோது முழங்கால்வரை தோல் சிராய்த்து ரத்தம் வழிந்தது.

கரையேறிவிடுவாள் என்று நினைத்தேன். "சாக்கு குடு" என்றாள்.

களிமண்ணும் வைக்கோலும் திணித்த சாக்குகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தோம். அவள் ஒவ்வொன்றையும் காலால் மிதித்து அந்த வாயில் அடைத்தாள். பூக்கள் சுற்றுவது தளர்ந்தது. பிறகு நின்றது. காற்றில் மெல்ல ஏரிக்குள் நகரத் தொடங்கின. தெரு முழுக்க மூச்சு விட்டது.

நான் கீழே இறங்கி, மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே கசியும் தண்ணீரைப் புது பாட்டிலில் பிடித்தேன். தண்ணீர் குறைந்திருந்தது. அது நூல் கனம்தான் வந்தது. ஆனால் வெளிச்சத்தில் தூக்கியபோது குலுக்கிவிட்ட பழைய பாட்டிலைவிட இது கறுப்பாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை பிடித்தேன். அதேதான்.

அவள் ஈரப் புடவையோடு மேலே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பாட்டிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்.

"உள்ளாற இன்னும் கரையுது" என்றாள். ஏரி நடுவில் இருந்த மரங்களைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு நீர்க்காகம் வாயில் மீனோடு வந்து இறங்கியது. குஞ்சுகள் கழுத்தை நீட்டின.

பிறகு யூசுப் பாயிடம், "மதகு தொறந்தா தண்ணி ஒன் கடக்காலுக்குத்தான் வரும் பாய்" என்றாள். பழைய வாய்க்கால் அவர் மனையை ஒட்டித்தான் போகிறது.

"கடக்கால் போனா தோண்டிக்கலாம். தொற."

அவளே எழுந்து நொண்டிக்கொண்டு போய்த் திருகைச் சுற்றினாள். யாரையும் தொடவிடவில்லை. அடியில் பலகை தூக்கிக்கொண்டதும் கரையே ஒரு தடவை முனகியதுபோல் கேட்டது. தண்ணீர் வாய்க்காலில் பாய்ந்தது. கடக்கால் நிரம்பி, தெருவில் கணுக்கால் அளவு ஓடியது. நாங்கள் கட்டிலின் மேல் அரிசி மூட்டையை ஏற்றி வைத்தோம். அன்று பொழுது சாயும்வரை நான் பாட்டில் பிடித்துக்கொண்டே இருந்தேன். நிறம் இறங்கவில்லை. மறுநாள் நண்பகலுக்குப் பிறகு, ஏரி நன்றாக வற்றியபின்தான் பாட்டிலின் பின்னால் வைத்த என் விரல் தெளிவாகத் தெரிந்தது.

அதே நேரத்தில் கருவேல மேடுகளின் அடி சேறாக வெளியே வந்துவிட்டது. நாய்கள் வந்தன. தாட்சாயிணி காலில் கட்டோடு சேற்றில் இறங்கி, கழியோடு மரத்தடியில் நின்றாள். வினோத் வேலை முடிந்து வந்து மாற்றி நின்றார். நான் சோறு கொண்டுபோவேன். அவள் கண்ணை நாய்களை விட்டு எடுக்காமல் சாப்பிடுவாள். அப்படியும் ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் வந்தன. சில குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போயின. மிச்சம் இருந்தவை பொங்கலுக்குப் பிறகு பறந்தன.

கோடையில் கிருஷ்ணப்பிரியா ஆட்களோடு வந்து கரையைத் தோண்டினார். பொந்து வளைந்து, ஏரிப் பக்கத்தைக் கிட்டத்தட்டத் தொட்டிருந்தது; மிச்சத்தைத் தண்ணீர் அரித்துத் திறந்திருந்தது. இன்னொரு மழைக்குத் தாங்கியிருக்காது என்றார். அவர் தாட்சாயிணியைக் கடிந்துகொள்ளவில்லை. "இனிமே எந்தப் பொந்து பார்த்தாலும் எனக்குச் சொல்லணும்" என்றார். அவள் தலையாட்டினாள். களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்தபோது அவளும் திமுசுக்கட்டையைப் பிடித்து இடித்தாள். பிறகு கரைக்கு எதிர்ப்புறம், மேட்டு நிலத்தில், உடைந்த கல்லையும் செங்கல்லையும் தானே சுமந்து ஒரு குவியல் போட்டாள். உடும்பு அதில் வந்து தங்கியதா என்று இன்றுவரை தெரியாது.

இந்த வருஷம் மறுபடி கோடி போனது. குப்பம்மா பூத்தட்டோடு வந்தாள். கற்பூரம் எரிந்தது. பூ வீசினாள். யாரும் ஓம் சக்தி சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிடவும் இல்லை. கரை முழுக்கப் பெண்கள் நின்று, சாமந்தி எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். பூக்கள் காலடியிலேயே தயங்கி நின்றன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து, கோடியை நோக்கிப் போய், கல்லைத் தாண்டி விழுந்தன.

"போச்சுடி" என்றாள் குப்பம்மா. அப்புறம்தான் கும்பிட்டாள்.

தாட்சாயிணி என் பக்கத்தில் வந்து, என் பூசைக் கூடையைத் தூக்கிப் பார்த்தாள். "இன்னாக்கா இவ்ளோ கனமா கீது?"

"தேங்கா" என்றேன்.

அவள் தேங்காயை எடுத்துக்கொண்டு போனாள். கூடையின் அடியில் நைலான் கயிறு சுருட்டி இருந்தது. அதன்மேல் துணியை இழுத்து மூடிவிட்டு, பாட்டிலை எடுத்துக்கொண்டு கரைக்குக் கீழே இறங்கினேன்.